காத்துமெட்டுக் கல்லிருக்கை

அனுப்புநர்
ரா. சந்திரவல்லி,
பத்தாம் வகுப்பு மாணவி,
மாணவியர் விடுதி,
போடிநாயக்கனூர்.
(சொந்த இடம்: குரங்கணிக்கு மேல் உள்ள ஏலத்தோட்டக் குடியிருப்பு)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம்,
மதுரை.

பொருள்: காத்துமெட்டு காட்சிமுனையில் பார்வையாளர் உட்காருவதற்காகப் புதைத்து வைக்கப்பட்டுள்ள சுமைதாங்கிக் கல்லைத் தோண்டி எடுத்து, முன்பிருந்த இடத்திலேயே நிறுத்தித் தர வேண்டுதல் – சார்பாக.

பார்வை: ‘மலைக்காட்சி மன்றம்’ என்ற அமைப்பு மேற்படி இடத்தில் வைத்துள்ள அறிவிப்புப் பலகை, கடைசி வரி.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். நான் கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லிக் கேட்டதை இன்னார் சொன்னதாகவும் குறித்திருக்கிறேன். சிலருடைய பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதியுள்ளேன். நல்ல தமிழில் மாற்றினால் அவர்கள் சொன்னது குறைந்துவிடுகிறது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. காத்துமெட்டு என்பது குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் நடைபாதையின் நடுவில், மலை மூக்குப்போல் வெளியே நீண்டிருக்கும் இடம். அங்கே நின்றால் கீழே போடி ஊரும், கண்மாய்களும், மதுரைக்குப் புறப்படும் ரயிலின் புகையும் தெரியும். மீனாட்சியம்மன் கோயில் கோபுரமும் தெரியும் என்று பலகையில் எழுதியிருப்பது உண்மையல்ல. வானம் தெளிந்திருந்த நாட்களில் பலமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனாலும் இடம் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு வார இதழில், மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய, யாரும் அறியாத இடங்கள் என்று சிலவற்றை எழுதி, அதில் காத்துமெட்டையும் சேர்த்திருந்தார்கள். அதை அச்சில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டேன். நாங்கள் அன்றாடம் நடக்கும் இடத்தை யாரும் அறியாத இடம் என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியானால் நாங்கள் யார் என்ற கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை.

2. என் தாயார் பெயர் ராக்கு. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, நிறைமாதத்தில் வலி கண்டவரைக் கம்பளியில் தூளி கட்டி போடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். காத்துமெட்டு வரும்போது தூளியில் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளையும் பிழைக்கவில்லை. வயிற்றுச் சுமையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவள் பேரால் மற்றவர்கள் சுமையை இறக்கினால் அவளுக்கு ஆறும் என்பார்கள். அந்த நம்பிக்கை சரியா என்று அறிவியல் பாடம் படித்தவள் என்ற முறையில் நான் சொல்ல இயலாது. கல்லின் பயன் என்ன என்பதை மட்டும் சொல்ல இயலும்.

3. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் குடியிருப்புக்குத் தலைச்சுமையாகத்தான் வருகிறது. தலையில் உள்ள மூட்டையைத் தனியாகக் கீழே போட்டுவிடலாம். தனியாகத் திரும்பத் தலைக்கு ஏற்ற முடியாது. சுமைதாங்கி தோளுயரம் இருக்கும். நின்றபடியே மூட்டையை அதன்மேல் சரித்துவிட்டு, இளைப்பாறி, நின்றபடியே தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். உதவிக்கு ஆள் வேண்டியதில்லை. நட்ட கல் இரண்டு, மேலே படுத்த கல் ஒன்று. அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஓடையிலிருந்து என் தகப்பனார் ராமரும் உறவினர்களும் கற்களைச் சுமந்து வந்தார்கள். தேவாரத்திலிருந்து கன்னையன் என்ற கல்தச்சர் ஏறி வந்து, மேல்கல்லின் முன்விளிம்பில் ‘ராக்கு உபயம்’ என்று வெட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு எழுத்து அறிமுகமானது அந்தக் கல்லில்தான். ‘ரா’வின் காலை அவர் சற்று நீளமாக இழுத்துவிட்டார் என்பது பள்ளிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது.

4. அந்த வழியில் சுமை தூக்கும் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டையைக் கல்லில் சரிக்கும்போது, “ஏ ராக்கு, இதச் செத்தப் புடிடி” என்பார்கள். எடுக்கும்போது, “வர்றேன்டி, வெரசாப் போகணும்” என்பார்கள். என் அத்தை பொன்னுமணி, அதாவது தகப்பனாரின் தங்கை, சுமையை வைத்துவிட்டுச் சண்டையே போடுவார். “ஓம் புருசன் வாங்குன அரிசிதான், நீயே சொமடி” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் தாயார் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. பெயரை மட்டும் ஒவ்வொரு நாளும் பலர் வாயால் கேட்டு வளர்ந்தேன்.

5. இந்த ஆண்டுத் தை மாதம் மலைக்காட்சி மன்றத்தார் காத்துமெட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். அவர்களுடைய எஸ்டேட் வழியாக மறுபக்கமிருந்து ஜீப் பாதையும் வந்தது. அதில் பார்வையாளர் மட்டும் வரலாம், சரக்கு ஏற்றக் கூடாது. எங்கள் நடைபாதையை வேலிக்கு வெளியே, சரிவின் ஓரமாக, ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். சுமைதாங்கியைக் காணவில்லை. ஜல்லிக்கு உடைத்துவிட்டதாக வேலையாட்கள் சொன்னார்கள். தகப்பனார் அன்று சாப்பிடவில்லை. வேலிக்குள் எங்களவர் யாரும் போக முடியாததால், மேற்கொண்டு விசாரிக்கவும் இல்லை.

6. சென்ற மாதம் எங்கள் பள்ளியிலிருந்து ஒருநாள் சுற்றுலா என்று காத்துமெட்டுக்கு அழைத்துப் போனார்கள். என் வீட்டுக்குப் போகிற வழியில் உள்ள இடத்துக்கு நான் ஜீப்பில் போனது அதுவே முதல்முறை. உள்ளே சிமெண்டுக் குடை, கைப்பிடிக் கம்பி, பச்சை வண்ணம் பூசிய ஒரு கல்லிருக்கை ஆகியன இருந்தன. பலகையின் கடைசி வரியில், ‘முற்காலத்தில் வேட்டைக்கு வந்த ராஜா அமர்ந்து காற்று வாங்கிய கல்லாசனம்’ என்று எழுதியிருந்தது. சுற்றுலாக் கட்டுரைக்கு வேண்டும் என்று அதை நாங்கள் எல்லோரும் குறித்துக்கொண்டோம். நானும் குறித்துக்கொண்டேன்.

7. பிறகு புளிசாதம் சாப்பிட அதில் உட்கார்ந்தோம். கல்லுக்கும் பின்னாலிருந்த கைப்பிடிச் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளிதான் இருந்தது. சோற்றுப் பொட்டலத்தின் நூல் அதில் விழுந்தது. எடுப்பதற்குக் கையை விட்டேன். கல்லின் பின்விளிம்பில் பள்ளங்கள் தட்டுப்பட்டன. வண்ணம் கனமாகப் பூசியிருந்தும் விரலுக்குத் தெரிந்தது. எழுத்து தலைகீழாக இருந்தது. கால் நீண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பாண்டியம்மாள், “ஏன்டி பொந்துக்குள்ள கையவிட்டுத் துழாவுற, தேளு கெடக்கப்போகுது” என்றாள். “எங்க அம்மா கெடக்கு” என்று சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

8. தோளுயரக் கல்லில் யாரும் உட்கார முடியாது. ஆகவே நட்ட கல் இரண்டையும் உட்காரும் உயரத்துக்கு மண்ணில் இறக்கிப் புதைத்து, மேல்கல்லைக் கவிழ்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சுமையோடு நிற்பவர்களுக்காக வைத்த கல்லை, சுமையில்லாமல் வருபவர்கள் உட்காருவதற்காகக் குட்டையாக்கியிருக்கிறார்கள். தாங்கள் நேரில் வந்து சுவரின் பின்னே கையை விட்டுப் பார்த்தால் நான் சொல்வது உண்மை என்பது தெரியும்.

9. கட்டுரையில் நான் ராஜாவை எழுதவில்லை. உண்மையை எழுதினேன். எங்கள் ஆசிரியை சுந்தரம்மாள் அவர்கள் என்னைத் தனியே அழைத்து, “நீ எழுதுனது நெசந்தான் தாயி. ஆனா பரீட்சையில வந்தா பலகையில உள்ளத எழுது. திருத்துறவுக பலகையத்தான் பாத்திருப்பாக” என்றார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் கண் கலங்கியிருந்தது.

10. தகவலைச் சொன்னதும் தகப்பனார் போடிக்கு இறங்கி வந்து, மன்றத்தின் செயலாளரும் ஏலக்காய் வியாபாரியுமான வெள்ளைத்துரை அவர்களைக் கடையில் போய்ப் பார்த்தார். நானும் உடன் சென்றேன். செயலாளர் எங்களைத் திட்டவில்லை. காபி வாங்கித் தரச் சொன்னார். “மலையில கெடந்த கல்லுதானப்பா. இப்ப மதுரையிலருந்து பெரிய பெரிய ஆளுக வந்து உக்காந்துட்டுப் போறாக. ஒம் பொண்டாட்டிக்குப் பெருமதான?” என்றார். தகப்பனார், “அது உக்கார வச்ச கல்லு இல்லீங்கய்யா” என்றார். “அப்ப வேற கல்லா இல்ல மலையில? ஒண்ணத் தூக்கி நட்டுக்க” என்றார் செயலாளர். இதற்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தங்களிடம் சொல்கிறேன். ஒதுக்கிக் கொடுத்த பாதையில் கல் நட்டால் மனிதர் நடக்க இடமிராது. மேலும் சுமைதாங்கியை நினைத்தபோது நடுவதில்லை. ஒருத்தி செத்தால் நடுவார்கள். வேறு கல் வேண்டுமானால் வேறு ஒருத்தி சாக வேண்டும்.

11. அடுத்த வாரம் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அத்தை சொன்னதையும், மன்றத்தின் காவலாளி சுருளிவேல் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். அன்று உடன் வரும் பெண்கள் ஒரு கல்யாணத்துக்காகத் தேவாரம் போயிருந்தார்கள். அத்தை தனியாக அரிசி மூட்டையோடு ஏறினார். மழை பெய்து பாதை வழுக்கியது. காத்துமெட்டு வேலியோரம் வந்ததும் கழுத்து தாங்காமல் மூட்டையை இறக்கிவிட்டார். வேலிக்குள்ளே சுருளிவேல் நின்றார். அவரும் முன்பு என் தகப்பனாரோடு சுமை தூக்கியவர்தான். இப்போது காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்திருக்கிறார்கள். சுமைக்காரர்கள் வேலியருகே நின்றால் புகைப்படம் கெடுகிறது என்று, விசில் ஊதி அவர்களை நகர்த்துவது அவருடைய வேலைகளில் ஒன்று. அவர் என்னிடம் சொன்னதாவது: “ஒங்கத்த என்னயக் கூப்புட்டுச்சு ஆத்தா. சுருளி, ஒரு கை குடுடான்னுச்சு. உள்ள ஆளுக படம் எடுத்துக்கிட்டிருந்தாக. நான் விசில ஊதுனேன்.” அத்தை தானே மூட்டையைத் தூக்க முயன்றபோது கால் வழுக்கி, மூட்டையோடு சரிவில் விழுந்தார். பிறகு சுருளிவேல்தான் வேலி ஏறிக் குதித்து அவரைத் தூக்கி வந்தார். கம்பி கிழித்த காயம் சுருளிவேலின் தொடையில் இருக்கிறது. அவரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை.

12. முதுகெலும்பில் அடி என்றும், இனி எடை தூக்கவே கூடாது என்றும் போடி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அத்தை அங்கேயே மல்லாந்து படுத்திருக்கிறார். பேச்சு மட்டும் குறையவில்லை. சென்ற ஞாயிறு நான் போனபோது, “அவ இருந்திருந்தாப் புடிச்சிருப்பா” என்றார். அவர் யாரைச் சொன்னார் என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

13. தகப்பனார் ஏலக்காட்டு வேலைக்குப் போக வேண்டியிருப்பதால், அத்தை தூக்கிய சுமையைத் தை மாதம் முதல் நான் தூக்குவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பங்குனியில் நடக்கும் அரசுத் தேர்வை நான் எழுத மாட்டேன். இதை இரக்கம் தேடி எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் யார் சுமப்பது, யார் படிப்பது என்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பதை அறிவேன். காத்துமெட்டில் ஒரு கல் எங்கே, எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று குடிமையியல் புத்தகத்தில் படித்ததை வைத்து நம்புகிறேன்.

14. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவாறு உத்தரவிட வேண்டுகிறேன். மேற்படி கற்களைத் தோண்டி எடுத்து, பச்சை வண்ணத்தைச் சுரண்டி, பெயர் பாதையைப் பார்க்கும்படி, பழைய இடத்தில் தோளுயரத்துக்கு நிறுத்த வேண்டும். வேலியை அந்த இடத்தில் மட்டும் உள்ளே தள்ளிப் போட வேண்டும். பலகையின் கடைசி வரியை அழிக்க வேண்டும். பார்வையாளர்கள் வருவதை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்கள் உட்கார மன்றத்தார் சிமெண்டில் எத்தனை இருக்கை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும். புகைப்படத்தில் நாங்களும் விழுந்தால் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றுதான் முடியும் என்றால், கல்லை மட்டும் நிறுத்தித் தாருங்கள். அதையும் தைக்குள் செய்து தாருங்கள். தனியாக ஏறும்போது மூட்டையை எங்கே வைப்பது என்று அத்தையிடம் கேட்டேன். எதற்கும் பதில் வைத்திருக்கும் அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை.

உண்மையைத் தவிர வேறெதுவும் இதில் எழுதவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

இடம்: போடிநாயக்கனூர்
நாள்: 18.11.1984

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ரா. சந்திரவல்லி

குறிப்பு: அடித்தல் திருத்தல் இல்லாமல் வேறு தாளில் படி எடுத்து அனுப்பவே எண்ணியிருந்தேன். விடுதியில் விளக்கை அணைத்துவிட்டதால் இதையே அனுப்புகிறேன்.