உன் புது விளக்கு என் சைக்கிளில் ஓடிய ஞாயிறு

இன்று காலை பசியாற உட்காரும்போது நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்ததுடா. புதுச் சைக்கிள். கறுப்புக் கார்பன் சட்டம், ஹேண்டில்பாரில் சிவப்புச் சுற்று, பின்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், சட்டத்தில் மூன்று விரல் விபூதி. கீழே வழக்கமான கும்மாளம். "எவ்ளோ கிலோ லா?" "பொண்டாட்டிக்குத் தெரியுமா?" "மொத ஓட்டம் யாரு?" அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்ததும் போனைச் சுவரில் எறிந்து உடைக்க வேண்டும்போல் வெறி வந்தது. எறியவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

என் கை எப்படிப்பட்ட கை என்று உனக்குத் தெரியாதா? நாம் முதலில் பார்த்துக்கொண்டதே ஓர் அடிதடியில்தானே. ஜெராம் முச்சந்தியில் ஒரு காடிக்காரன் காரை என் முழங்கையில் உரசிக்கொண்டு போனான். போனவன் நிறுத்தி, இறங்கி, என்னையே திட்டினான். நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவன் காடியின் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கினேன். அடுத்தது அவன் காதைப் பிடுங்கியிருப்பேன். முன்பின் தெரியாத நீ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாய். நான் திமிறிய வேகத்தில் என் ஹெல்மெட் உன் உதட்டைக் கிழித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாய்: "மச்சான், உனக்குக் கை முன்னால போவுது, மூளை பின்னால பெடல் மிதிச்சு வருது." எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. யாரோ ஒருவன், வாய் நிறைய ரத்தத்தோடு, என்னை மச்சான் என்கிறான். காடிக்காரன் தப்பித்தான், போ.

அதற்குப் பிறகு ஏழு வருஷம், ஏறக்குறைய எல்லா ஞாயிறும். நான் பட்டறையில் இரும்புக் கேட்டும் கிரில்லும் வெல்டிங் அடிக்கிறவன், எண்ணெய்ச் சட்டைக்காரன். நீ ரவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், கசங்காத சட்டைக்காரன். புக்கிட் ரோத்தான் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டு ஒருத்தன் பொருளை ஒருத்தன் தடவிப் பார்ப்பதில்தான் நமக்குப் பாதிக் காலை போகும். மாதம் ஒரு புதுசு இல்லாமல் உன்னால் வர முடியாதே! பெடலில் பூட்டிக்கொள்ளும் அந்தச் சப்பாத்தை நீ போட்டுக்கொண்டு வந்த அன்று, கடை வாசலில் நின்றும் கால் கழலாமல், வெட்டின வாழை மாதிரி மெதுவாகச் சாய்ந்து விழுந்தாய். கடைக்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "சப்பாத்து நல்லா புடிக்குதுடா" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது.

ராஜன் அண்ணன் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? குழுவில் மூத்தவர் அவர். புதுச் சக்கரம் வாங்கி முதல் நாளே குழியில் விட்டு உடைத்தார். பழியைக் குழியின் மேல் போடவில்லை, நம் கண்ணின் மேல் போட்டார். "எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தீங்க, வெடிச்சிருச்சு!" அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். யார் எதைப் புதுசாக வாங்கினாலும் தோட்டத்து எல்லை முனியாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, முதல் ஓட்டத்தை அடுத்தவனிடம் விட வேண்டும், சின்னச் சாமான் என்றால் அவன் சைக்கிளில் மாட்டிவிட வேண்டும். பொருள் யாருடையது என்று தெரியாமல் திருஷ்டி குழம்பிப் போய்விடுமாம். நாம் கேலி செய்தோம். கேலி செய்துகொண்டே ஒரு தடவைகூடத் தவறாமல் அதைச் செய்தோம்.

அந்த ஞாயிறு நீ கொண்டுவந்தது பின்விளக்கு. சிவப்பாக மின்னும், உள்ளேயே கேமராவும் இருக்கும், பின்னால் வருகிற காடியைப் படம் பிடிக்கும், சத்தத்தையும் பிடிக்கும். கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி பெட்டியைத் திறந்து காட்டினாய். "இனிமே எவனாவது உன்ன உரசிட்டுப் போனா அடிக்க வேணாம்டா. படத்த எடுத்து போலீஸ்ல குடுத்துட்டுப் பேசாம வா." எனக்காகவே வாங்கினாய் என்று அப்போதாவது புரிந்ததா என் மரமண்டைக்கு? முனியாண்டி முன்னால் சூடம் காட்டி, உன் கையாலேயே என் சைக்கிளில் மாட்டினாய். என் பழைய விளக்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் சைக்கிளில் விளக்கே இல்லை என்பதை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, சட்டம் போட்ட ராஜன் அண்ணனும் பார்க்கவில்லை. விடியற்காலைப் பனி அடர்த்தியாக நின்றது.

மற்றவர்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவில் போகிற நேர்ச் சாலையில் நாம் இரண்டு பேர்தான். பின்னாலிருந்து உன் குரல் கேட்டது: "நேரா ஓட்டு மச்சான், வெளக்கு பளிச்சுனு இருக்கு, குரூப்புக்கு ஒரு படம் எடுத்துக்கறேன்." நானும் ஒரு கோமாளி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் அந்தச் சத்தம். தகரத்தில் தேங்காயை அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று கோணலாக நிற்கிறது, உன் சைக்கிள் அதன் முன்சக்கரத்தில் மடங்கிக் கிடக்கிறது, நீ சாலை ஓரத்தில் கிடக்கிறாய்.

என் சைக்கிளை எறிந்துவிட்டு ஓடினேன். உன்னிடம் இல்லைடா. லோரியிடம் ஓடினேன்.

கதவைத் திறந்து அவன் இறங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும், தோட்டத்துத் தமிழன், குமரன் என்று பெயர். பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். காலரைப் பிடித்து இழுத்துத் தாரில் அறைந்தேன். வாயில் குத்தினேன். அவன் பல் என் விரல் முட்டியில் ஏறி உடைந்தது. அந்த வடு இன்னும் இருக்கிறது. அவன் கையைத் தூக்கித் தடுத்தான், அந்தக் கையைப் பிடித்து முறுக்கினேன், சொடக்கு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை. மார்மேல் ஏறி உட்கார்ந்து அடித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை: அடிக்க அடிக்க எனக்கு நன்றாக இருந்தது. உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். ராஜன் அண்ணனும் மற்றவர்களும் திரும்பி வந்து என்னைப் பிய்த்து எடுத்தபோது நீ போய்விட்டிருந்தாய்.

உன் சாவு வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேள். "சிங்கம்டா நீ" என்று தோளைத் தட்டினார்கள். "நண்பன்னா இப்படி இருக்கணும்" என்று பெரியவர்கள் தங்கள் மகன்களிடம் என்னைக் காட்டினார்கள். உன் மனைவி மாலா, அழுது வீங்கின முகத்தோடு வந்து என் கட்டுப் போட்ட கையைத் தொட்டுக் கும்பிட்டாள். "எல்லாரும் வந்து அழுதாங்க. நீங்க ஒருத்தர்தாண்ணே அவருக்காக நின்னீங்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்தார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குமரன் தாடையில் கம்பி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவன் மேல் வழக்குப் போடப் போகிறார்கள் என்றார்கள். செத்தே போயிருக்கலாம் என்று நான் சொன்னேன், சத்தமாகச் சொன்னேன்.

கருமக்கிரியை முடிந்த மறுநாள், பட்டறையில் சாத்தி வைத்திருந்த என் சைக்கிளிலிருந்து உன் விளக்கைக் கழற்றினேன். மாலாவிடம் கொடுக்கலாம் என்றுதான். கேமரா நினைவுக்கு வந்தது. குமரனை உள்ளே தள்ள இது ஒன்று போதும் என்று உட்கார்ந்து போனில் போட்டுப் பார்த்தேன்.

படத்தில் நீ வருகிறாய். ஒரு கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு. விளக்கு முழுசாகப் படத்தில் விழ வேண்டும் என்று நடுச்சாலைக்கு நகர்கிறாய். பனிக்குள்ளிருந்து லோரி வருகிறது, மெதுவாகத்தான் வருகிறது. ஹாரன் அடிக்கிறான். மறுபடியும் அடிக்கிறான். ஹாரன் கேட்டதா என்று யாராவது அன்று கேட்டிருந்தால் கேட்கவே இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். நீ ஓரத்தில் ஒதுங்காமல் இன்னும் உள்ளே வளைகிறாய். அவன் திருப்பப் பார்க்கிறான், முடியவில்லை.

அதோடு படம் புரண்டு, தாரும் உன் ஒரு சப்பாத்தும் மட்டும் தெரிகிறது. சத்தம் மட்டும் ஓடுகிறது. என் கெட்ட வார்த்தை, என் அடி, என் மூச்சு. நடுவில் அவன் குரல்: "அண்ணே, அவரப் பாருங்கண்ணே! என்ன அப்புறம் அடிங்க, மொதல்ல அவரப் பாருங்க!" அதற்கும் ஒரு குத்து விழுகிற சத்தம் கேட்கிறது. அதற்கெல்லாம் அடியில், ரொம்பச் சின்னதாக, நீ. "மச்சான்." அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "அவன விடுடா. இங்க வா." அப்புறம், "பயமா இருக்குடா, வாடா." எத்தனை முறை கூப்பிட்டாய் என்று நான் எண்ணவில்லை. எண்ண எனக்குத் தைரியமில்லை. கடைசியில் நீ கூப்பிடுவது நின்றுவிடுகிறது, நான் அடிப்பது மட்டும் நிற்கவில்லை.

விளக்கை எடுத்துப் பட்டறைக் கல்லின்மேல் வைத்தேன். பெரிய சுத்தியலைத் தூக்கினேன். ஒரே போடு, பொடிப்பொடியாகிவிடும். அதில் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர உலகத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது. நான் சிங்கமாகவே இருந்துவிடலாம், குமரன் ஜெயிலுக்குப் போகட்டும், எவன் கேட்கப் போகிறான்? ஓங்கிய கை ஓங்கியபடியே வலிக்க ஆரம்பித்தது. உன் குரல் அதற்குள் இருக்கிறதேடா! உன்மேல் எப்படிச் சுத்தியலைப் போடுவேன்? ஓவென்று அழுதேன். பக்கத்துக் கடைச் சீனன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

முதலில் மாலாவிடம் போனேன், அப்புறம்தான் போலீஸ் நிலையத்துக்கு. சாப்பாட்டு மேசையில் போனை வைத்துவிட்டுச் சொன்னேன்: "மாலா, நான் அவனுக்காக நிக்கலம்மா. கேட்டுப் பாரு." முழுதும் கேட்டாள். முகம் அசையவில்லை. முடிந்ததும் எழுந்து வந்து என் நெஞ்சில் குத்தினாள். இரண்டு கையாலும், வெறி பிடித்தவள் மாதிரி, முகத்தில், கழுத்தில், நகம் பட்டு ரத்தம் வர வர அடித்தாள். நான் அசையாமல் நின்றேன். அவள் ஓய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஆறுதலா, சாக்கா தெரியாது, நான் முட்டாள்தனமாக ஒன்று சொன்னேன். நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும். எங்கிட்டயும் சொன்னாரு." மூச்சு வாங்கினாள். "காப்பாத்தச் சொன்னேனா? கையவாவது புடிச்சிருக்கலாம்லண்ணே."

படத்தைக் கொடுத்தேன். குமரனை விட்டுவிட்டார்கள். இப்போது வழக்கு என் மேல். ஆமாம், நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வீட்டுக்கும் போனேன். அவனால் இன்னும் சோற்றை மென்று தின்ன முடியவில்லை, கஞ்சிதான். லோரியும் ஓட்டுவதில்லை. மன்னிப்புக் கேட்டேன். "நீங்க போங்கண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான், கதவைச் சாத்தவில்லை, நான் போகும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குழுவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. உன்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டேனாம். போகட்டும், பேசாவிட்டால் போகட்டும்.

போன வாரம் தஞ்சோங் காராங் சந்தைப் பக்கம் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் மோட்டார் சைக்கிளைக் காடி ஒன்று இடித்துத் தள்ளியது. கூட்டம் காடிக்காரனைச் சூழ்ந்துகொண்டு கதவைத் தட்டியது. எனக்கும் ரத்தம் மண்டைக்கு ஏறியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கால் பெரியவர் பக்கம் போனது. தாரில் மண்டியிட்டு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, கைய விடு" என்று மலாயில் சொன்னார். சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

என்னால் விட முடியவில்லைடா.