நாரை நின்ற மாதம்

1 ஆகஸ்ட் 2003, வெள்ளி

புழுக்கம். காலையிலேயே செங்கல்பட்டில் கரண்ட் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இன்றைய நல்ல சேதி அவ்வளவுதான்.

மறைமலைநகர் ஆபீசில் மெயில் திறந்தால் செல்வத்திடமிருந்து ஒன்று. அனுப்பியவர் பெயரை இரண்டு முறை படித்தேன். அப்புறம்தான் உறைத்தது, இன்று ஒன்றாம் தேதி. கம்ப்யூட்டர் மென்பொருளைத் தமிழாக்க மெயில் வழியே நடத்தும் எங்கள் மடற்குழுவில் உள்ள எல்லோருக்கும் மாதாமாதம் பாஸ்வேர்டை நினைவூட்டி சர்வர் தானாக அனுப்புவது. அதிலிருந்த ஆங்கிலத்தைத் தூக்கிவிட்டு அவனே எழுதி வைத்த வாசகம்: "மறந்திருப்பீங்க. நானும் மறக்கிற ஆள்தான். இந்தாங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. செல்வம்."

ஆள் போய் மாதம்கூட ஆகவில்லை. ஈ.சி.ஆர். ரோட்டில் பைக் விபத்து. ஹெல்மெட் வண்டியிலேயே தொங்கியதாம். பாவி.

மதியம் அவன் மனைவி மலர், கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து போன். சோதனைக்கு ஒரு முகவரி வேண்டுமென்று அவளையும் குழுவில் சேர்த்திருந்தான். "அண்ணா, அவர்கிட்டேருந்து மெயில் வந்திருக்கு" என்றாள். அழுகை. வைத்துவிட்டாள்.

இதை நிறுத்த வேண்டும். முதல் வேலை.

4 ஆகஸ்ட், திங்கள்

நிறுத்த முடியாது. சர்வரின் சாவியான ரூட் பாஸ்வேர்ட் அவனிடம் மட்டும். எல்லோருக்கும் நினைவூட்டுகிறவன் தன்னுடையதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்னொருத்தருக்குக் கொடுடா என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். சிரிப்பான்.

தமிழ் மொழிபெயர்ப்பு, நிரல், பிழைப் பட்டியல், எல்லாம் அந்த ஒரே சர்வர் பெட்டியில். பெயர் நாரை. வேடந்தாங்கல் போய்வந்த ஜோரில் வைத்தது.

மலர் குழுவிலிருந்து விலகலாம், மெயிலிலேயே வழி இருக்கிறது. அழுகிற பெண்ணிடம் போய் அந்த லிங்கை அமுக்கு என்பதா?

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

9 ஆகஸ்ட், சனி

படூர். நாரை இருக்கும் காலேஜ் லேப். ஓசி இடம். அட்டெண்டர் ஏகாம்பரம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "செல்வம் சார் இருந்தவரிக்கும் ஓகே சார். இப்ப கேக்க ஆளில்லாம பொட்டி ஓடிக்கினு கீது. மாசக் கடைசில எங்களுக்கு வோணும்." அவர் மேல் தப்பில்லை. டீயும் வாங்கித் தந்தார்.

ஏ.சி.க்காக செல்வம் வைத்திருந்த மப்ளர் நாற்காலியில் அப்படியே.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சி.டி. போட்டு பூட் செய்து, பாஸ்வேர்ட் இல்லாமலே ஒருவழியாக நாரைக்குள் நுழைந்தேன். சிங்கப்பூர் நண்பர் தன் சர்வரில் இடம் தருகிறார். அதற்கும் பறவைப் பெயர்தான், கூழைக்கடா.

கொண்டுபோவது: நிரல், மொழிபெயர்ப்பு, பிழைப் பட்டியல், பழைய மடல்கள்.
விடுவது: மாத நினைவூட்டல். காரணம் குழுவில் எழுதினேன்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர் பதில் போட்டார்: மலரிடம் கேட்டீர்களா? எரிச்சலாக வந்தது. இதில் கேட்க என்ன இருக்கிறது, என் காதால் கேட்டேன் அந்த அழுகையை என்று காட்டமாகவே எழுதிவிட்டேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

நாரையின் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தமாகத் துடைத்தேன். மாணவர்களுக்காக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தாயிற்று. பெட்டியில் ஒட்டியிருந்த நாரை என்ற பெயர்ச் சீட்டை ஏகாம்பரம் நகத்தால் சுரண்டினார். முழுதாக வரவில்லை.

மப்ளர் என் பையில்.

1 செப்டம்பர், திங்கள்

தூறல். பஸ் லேட். மெயிலில் செல்வம் இல்லை. அப்பாடா.

பதினோரு மணிவாக்கில் மலரிடமிருந்து போன்.

"அண்ணா, இந்த மாசம் அவர் மெயில் வரலியே. காலையிலேருந்து பாத்துட்டே இருக்கேன்."

சர்வரை மாற்றிவிட்டோம் என்றேன். அந்த வாசகம் என்னிடம் இருக்கிறது, புதிதில் போட்டு வரவழைக்கிறேன் என்றேன்.

"அப்ப அது நீங்க அனுப்பறதுண்ணா. இது அவரே செஞ்சு வச்சிட்டுப் போனது. பழைய மிஷினை ஒருதரம் போட்டுப் பாருங்களேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரிண்ணா என்று வைத்துவிட்டாள். யாரைக் கேட்பது.