மருந்துருண்டையும் கவிதாவின் பல்லும்

ஐப்பசி, வியாழன் இரவு.

தையல் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பிரசவம் ஆனதிலிருந்தே கவிதா தொடவில்லை. பாலில் இறங்கிவிடும் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். பால் கொடுப்பவள் என்று தெரிந்தே எழுதித் தந்த மாத்திரைதான். ஆனால் டாக்டர், என் மாமியாரைப் போல, குமாரபாளையத்தில் பிறந்தவர் இல்லை. மாத்திரைக்குப் பதிலாக என் மாமியார் கருப்பட்டிப் பாகில் மருந்துருண்டை பிடித்தார். பாகு முற்றிவிட்டது. இன்று காலை கவிதா ஒன்றைக் கடித்தாள். உருண்டை தப்பித்தது, பல் உடைந்தது.

பல் டாக்டரிடம் மரத்துப்போகும் ஊசியும் வேண்டாம் என்றாள். பால் கொடுக்கலாம், பயமில்லை என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. எதைக் கடித்தீர்கள் என்று அவர் கேட்க, மாமியார் பையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தார்.

"இதுலயாங்க பல்லு ஒடையும்? பாருங்க சாமி."

கடித்தும் காட்டினார். 'டக்'கென்று ஒரு சத்தம். பக்கத்து நாற்காலியிலும் விளக்கைப் போட்டார்கள்.

ஊசி போட்டுக்கொண்ட மாமியார், பாதி மரத்த வாயோடு மகளைப் பார்த்தார்.

"நீயும் போட்டுக்க கண்ணு. உசுரு போற வலி."

"தையலு இதைவிட வலிக்குதும்மா."

மாமியார் என் பக்கம் திரும்பி, "மாப்ள, அந்த மாத்திரை எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

இருவரின் உடைந்த பல்லையும் பல் நிறத்திலேயே அடைத்துவிட்டார்கள். மீதி உருண்டைகளை எறிய எனக்கு மனமில்லை. கை நோகக் கிளறியவர் அவர்.

மாத்திரை போட்டுக்கொண்ட கவிதா இப்போதுதான் புரண்டு படுத்தாள். முனகவில்லை.