வெல்லம் கரைக்காத தூசி

சிங்கப்பூர், பஃபலோ ரோடு
1961, புரட்டாசி

என் ராசா மருதப்பனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு சரஸ்வதி எழுதுறது. இங்க நானும் தங்கச்சியும் சுகம், பினாங்குல நீயும் உன் தையல் மிஷினும் சுகமா ஓடணும்னு மாரியம்மனக் கும்பிட்டுக்கிறேன். உங்கப்பாவும் சுகம்னு சொல்ல மனசு வரல.

கல்மலையில கல்லு அரைக்கிற மிஷினுகிட்ட இத்தன வருசம் நின்னாருல்ல, இருமல் இப்ப ஆளையே மடக்குது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். பஸ் கண்டக்டரு நம்ம ஊருப் பக்கமாம், எறங்குற வரைக்கும் அவன் மாமியா சண்டையச் சொல்லிக்கிட்டே வந்தான், அது கெடக்கட்டும். சீன டாக்டரம்மா நெஞ்சுப் படத்த வெளிச்சத்துல மாட்டிக் காட்டுனாங்க, மருந்து கட்டுற டிரெஸர் லாசரஸ் தமிழ்ல சொன்னாரு. நுரையீரல்னா ஆப்பத்து நடுவுல இருக்குமே அப்படி மெத்துன்னு, பொடிப்பொடிக் கண்ணா, மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கணுமாம். கல்லுத்தூசி உள்ள உக்காந்து புண்ணாக்கி, புண்ணு ஆறி ஆறித் தழும்பாயிருச்சாம். என் கையில எண்ண கொட்டுன தழும்பு இருக்குல்ல, இழுத்தா நீளாது, அந்த மாதிரி. தழும்பு மறுபடி பழைய சதையாகாது, இனிமே தூசிப்பக்கமே போகாம இருந்தா மிச்சத்தக் காப்பாத்தலாம்னாரு.

இதையெல்லாம் கேட்டுட்டு வந்த மனுசன் என்ன செஞ்சாருங்குற? வீட்டு வாசல்ல, கல்மலையில ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் சேதுபதி வெல்லக்கட்டியோட நிக்கிறான். வேல முடிஞ்சு வெல்லம் தின்னா தூசி எறங்கிரும்னு கல்மலை முழுக்க நம்ம ஆளுங்களுக்கு வேதம் ஓதுறவன் அவன்தான். சோறு போற வழி வேற, மூச்சு போற வழி வேறன்னு ஆஸ்பத்திரியிலயே லாசரஸ் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. இந்த மகாராசா, டாக்டரம்மா நேத்துப் பொறந்தவன்னு சொல்லிட்டு வெல்லத்த வாயில போட்டுக்கிட்டாரு. சேதுபதி வெல்லம் தின்னு நான் பாத்ததில்ல. தூசி ஒருபக்கம் பறந்தா மண்டோர் தொரை மறுபக்கம் குடையோட நிப்பாரு, அவருக்கு எதுக்கு வெல்லம்?

அதோட போனானா? மிஷினுகிட்ட அப்பன் பாத்த வேல எடம் மகனுக்குத்தான், வேற எவனுக்கும் தரமாட்டேன்னு பெரிய தானம் குடுக்கிறவன் மாதிரி சொல்றான். உங்கப்பாவும் கண்ணு கலங்கித் தலைய ஆட்டிட்டாரு. நான் விடல.

"மகனுக்கு எடத்தக் குடுக்குறீங்களா, தழும்பக் குடுக்குறீங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தாரு, இருமல்தான் வந்துச்சு.

உன்ன அந்த வேலைக்கு இழுக்க ரெண்டு பேரும் தந்தி அடிப்பாங்க. அம்மாவுக்கு முடியலன்னு பொய்கூடப் போடுவாங்க, நம்பாத, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். தீவாளிக்கு வா, திரும்பிப் போற டிக்கெட்டையும் எடுத்துட்டே வா. சேதுபதி வெல்லத்த நீட்டுனா மொதல்ல அவனத் திங்கச் சொல்லு. உங்கப்பாகிட்ட மட்டும் வெடுக்குன்னு பேசிராத. ஒரு பேச்சு முடிக்கிறதுக்குள்ள நின்னு நின்னு மூச்சு வாங்குறாரு. அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து கேளு. அப்புறம் மாட்டேன்னு சொல்லு.

நேரத்துக்குச் சாப்புடு. நீண்ட மூச்சோட நல்லாரு சாமி.

கைநாட்டு,
உன் அம்மா ரத்தினம்மா