யாருக்கு வலது?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். உடம்புக்கு முடியாதவன் இத்தனை சாக்குச் சொல்லத் தெம்போடு இருக்க மாட்டான்.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். ஆகவே எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

உன் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் நீ கட்டுகிற பறக்கும் வண்டிக்காக, அந்தக் கைரோகாப்டருக்காகச் செதுக்கிய புரொப்பெல்லர் சாப்பாட்டு அறையில் போர்வைக்குள் படுத்திருக்கிறது. போன முறை வந்தபோது போர்வையை விலக்கிப் பார்த்தாய், தடவிப் பார்த்தாய், டீ குடித்தாய், போய்விட்டாய். கேட்டதற்குக் காரில் இடமில்லை என்றாய். அதற்கு முந்தின முறை வார்னிஷ் காயவில்லை என்றாய். பத்து மாதமாகக் காயாத வார்னிஷ் எந்தக் கடையில் கிடைக்கிறது?

நீங்கள் இருவரும் சேர்ந்து இழுத்துவிட்ட வேலை இது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மணமகள் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல், தூரத்தில் புரொப்பெல்லர் விமானச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடினீர்கள். "இரட்டை எஞ்சின்டா!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஜெட் போனால் மட்டும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டீர்கள். அப்படிப்பட்ட மனிதர், வயதான காலத்தில், நீ சட்டம் கட்டு, நான் புரொப்பெல்லர் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, கை நடுங்க நடுங்க முடித்துவிட்டுத்தான் படுத்தார்.

எப்போது எடுத்துப் போகிறாய்? தேதி எழுது.

உன் அண்ணி

*

ஜனவரி 20

அன்பும் பயமும் நிறைந்த அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எழுத்துப்பிழைக்குப் பயந்து இதை இரண்டு தடவை எழுதிவிட்டேன். அப்படியும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன்.

வண்டி ஏறக்குறைய முடிந்தது. சின்ன விமானத் திடலின் கடைசிக் கொட்டகையில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "இது ஹெலிகாப்டரா, முக்காலியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஹெலிகாப்டர் இல்லையப்பா, மேலே இருக்கிற பெரிய இறக்கைக்கு எஞ்சினே கிடையாது, பின்னால் புரொப்பெல்லர் தள்ளத் தள்ளக் காற்றுதான் அதைச் சுழற்றுகிறது, எஞ்சின் நின்றாலும் அது சுற்றிக்கொண்டே மெதுவாக இறக்கிவிடும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எஞ்சினும் நல்ல எஞ்சின். வலப்பக்கம் சுற்றுகிற வகை, குலுக்கலே இல்லை.

அண்ணன் செய்தது சாதாரண வேலையா அண்ணி? அதைப் போய்ப் புழுதியிலும் மழையிலும் ஓட்டிப் பாழாக்க மனசு வரவில்லை. கிளப் கூடத்தில் நல்ல சுவர் ஒன்று இருக்கிறது. பித்தளைத் தகட்டில் அண்ணன் பெயர் பொறித்து அங்கே மாட்டலாம் என்று செயலாளரிடம் பேசி வைத்திருக்கிறேன். பறப்பதற்கு இப்போதைக்குக் கடையில் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். மார்ச்சில் எல்லாக் கைரோக்காரர்களும் கூடுகிற நாளில் பறக்க வேண்டும் என்று ஆசை.

கோபிக்காமல் சம்மதம் சொல்லுங்கள்.

உங்கள் வால்

*

ஜனவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

'அன்பும் பயமும் நிறைந்த அண்ணி' என்றால் பயப்படுகிறவள் நான் என்று பொருள். பயம் உன்னுடையது. வாக்கியத்தைச் சரியாக எழுதப் பழகு.

ஏன் சொல்கிறேன் என்றால், உன் கடிதத்தில் இன்னொரு சொல்லும் இடித்தது. 'வலப்பக்கம் சுற்றுகிற வகை.' யாருக்கு வலப்பக்கம்?

எங்கள் கான்வென்ட்டில் ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை பார்த்த சிஸ்டர் முதல் நாளே சுண்ணாம்புக் கட்டியால் மேடையில் கோடு போட்டுவிடுவார். "வலது என்றால் நடிக்கிறவருடைய வலது. பார்க்கிறவருக்கு அது இடது. இதை மறந்தவள் மேடை ஏற வேண்டாம்." மறந்தவள் ஒருத்தி ராஜாவின் மேல் மோதிக் கிரீடத்தைத் தள்ளினாள். அந்த ராஜா நான்தான்.

நீயும் உன் அண்ணனும் புரொப்பெல்லரைப் பற்றித் தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உன் பக்கம் எஞ்சின் சத்தம் காதைப் பிளந்தது. அவர் கேட்டார், "எந்தப் பக்கம்டா சுத்துது?" நீ கத்தினாய், "வலப்பக்கம்ணா! வலப்பக்கம்!" அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பலகையில் கோடு போட்டுவிட்டார். நான் கேட்டதற்கு, வண்டிக்குப் பின்னால் நின்று பார்க்கிறவனுக்கு எது வலதோ அதுதான் கணக்கு, எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

அப்போது நீ எங்கே இருந்தாய்? வண்டிக்குப் பின்னால் நின்றாயா, இருக்கையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தாயா?

பித்தளைத் தகடு வேண்டாம். இதற்குப் பதில் எழுது.

உன் அண்ணி

*

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். கழுத்தைத் திருப்பித்தான் பார்த்தேன். பின்னால் நின்று பார்த்தால் அது இடப்பக்கம்.

அண்ணன் செய்த புரொப்பெல்லர் என் எஞ்சினுக்கு நேர் எதிர்ப் பக்கம் சுற்ற வேண்டியது. மாட்டினால் வண்டியைத் தள்ளாது. காற்றை முன்பக்கம் வீசி என் பிடரியைத்தான் குளிர வைக்கும்.

அண்ணனுக்கு முடியாமல் போனபோது பார்க்க வந்தேனே, அன்றைக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. "எப்பிடிடா வந்திருக்கு?" என்று கேட்டார். "கடையில வாங்கினா மாதிரி இருக்குண்ணா" என்றேன். முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். அதற்கு மேல் என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

அவருக்குச் சொல்லாததை உங்களுக்கு மட்டும் சொல்லி உங்கள் நிம்மதியைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். சுவரில் மாட்டினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மரியாதையாகவும் இருக்கும். மரத்தைத் திருப்பிச் செதுக்கவும் முடியாது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

வால்

*

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அவரிடம் சொல்லாதது சரி. நானும் சொல்லியிருக்க மாட்டேன். என்னிடம் சொல்லாதது சரியல்ல. நான் நோயாளி இல்லை.

சுவரில் மாட்டினால் யாருக்கும் தெரியாது என்கிறாய். அந்தக் கிளப்பில் வருகிறவன் எல்லாம் புரொப்பெல்லர் பைத்தியம். முதல் நாளே ஒருவன் அண்ணாந்து பார்த்து, "இது எந்த எஞ்சினுக்கு?" என்று கேட்பான். நீ அங்கேயும் மழுப்புவாய். அவர் பெயருக்குக் கீழே நின்று நீ மழுப்பிக்கொண்டிருக்க எனக்குச் சம்மதம் இல்லை. சுவரில் மாட்டுவதற்கு அவர் செய்யவும் இல்லை.

உன் கிளப் செயலாளரை நானே கூப்பிட்டேன்.

"யாரும்மா பேசறது?"

"புரொப்பெல்லர் செஞ்சவரோட மனைவி. எதிர்ப் பக்கத்துக்குச் செஞ்சிட்டாரு. என்ன பண்ணலாம்?"

"ஐயோ, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மரமாச்சே."

"மரத்தை மாத்த முடியாது, தெரியும். எஞ்சினை மாத்த முடியுமா?"

யோசித்து யோசித்துச் சொன்னார். "இப்ப அதுல ரெண்டு பல்சக்கரம் ஒண்ணோட ஒண்ணு கடிச்சு ஓடுது. அதனால எஞ்சின் ஒரு பக்கம் சுத்தினா புரொப்பெல்லர் மறுபக்கம் சுத்தும். அதை எடுத்துட்டு பெல்ட் போட்டா ரெண்டும் ஒரே பக்கம் சுத்தும். ஆனா பெரிய வேலைம்மா. எஞ்சினைக் கழட்டணும், அதைப் பிடிச்சிருக்கிற தாங்கியைப் புதுசா வெட்டணும். ஒரு புரொப்பெல்லருக்காக யாரும்மா அவ்வளவு மெனக்கெடுவாங்க?"

"என் கொழுந்தன்" என்றேன்.

இந்த வேலையில் இறங்கினால் மார்ச்சில் நீ பறக்க முடியாது. உனக்கு அது எத்தனை பெரிய ஆசை என்று தெரிந்தே எழுதுகிறேன். கடையில் வாங்கியதை மாட்டிக்கொண்டு பறக்க வேண்டும் என்றால் பற, தடுக்க மாட்டேன். அப்படியானால் அண்ணன் செய்தது இங்கேயே இருக்கட்டும். நீயும் அதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

உன் அண்ணி

*

பிப்ரவரி 19

அண்ணிக்கு,

சனிக்கிழமை வேனோடு வருகிறேன். போர்வையையும் சேர்த்துக் கொடுங்கள்.

செயலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உங்க அண்ணி தலைமையாசிரியையா?" என்று கேட்கிறார். இல்லை, ராஜா என்று சொல்லியிருக்கிறேன்.

வால்

*

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலை பறந்தேன். சொல்ல நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. முழுசாகப் படியுங்கள்.

தாங்கி இரண்டு முறை வெட்டித்தான் சரியாக வந்தது. தரையில் கட்டிப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். பறக்க அனுமதி தருகிற பரிசோதகர் வந்து, எடை சமமா என்று பார்க்க அண்ணன் புரொப்பெல்லரைத் தராசுக் கம்பியில் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் அசையாமல் நின்றது. "யார் செஞ்சது?" என்றார். சொன்னேன். வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

திடலைச் சுற்றி மூன்று சுற்று. மரத்தின் சத்தமே வேறு அண்ணி, கடைச் சாமான் கீச்சென்று கத்தும், இது தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. கீழே நின்றிருந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்களாம். இறங்குவதற்கு மனசே இல்லை.

இறங்கி ஓடும்போது முன்சக்கரம் ஒரு கல்லைத் தெறிக்கவிட்டது. அது நேராகப் பின்னால் போய்ப் புரொப்பெல்லரில் அடித்தது. நுனியில் சில்லு பெயர்ந்திருக்கிறது. அது போனால் போகட்டும், பசை வைத்து அடைக்கலாம். ஆனால் அண்ணன் பலகைகளை அடுக்கி ஒட்டிய கோட்டோடு ஒரு விரிசல் நடுப்பகுதி வரை ஓடியிருக்கிறது. பரிசோதகர் பார்த்துவிட்டு, இனி இதைச் சுழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு காலைப்பொழுது. அதற்காகத்தான் ஏழு மாதம்.

கொட்டகையைவிட்டு வெளியே வராமல் அங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போனால் இதை எழுதாமல் தள்ளிப்போட்டுவிடுவேன் என்று எனக்கே பயம்.

வால்

*

செப்டம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

சொன்னபடி முழுசாகப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தேன். கல் மேல். கல்லுக்குக் கடிதம் எழுத முடியாது.

மூன்று சுற்று என்று எழுதியிருக்கிறாய். ஒரு சுற்றாவது சுற்றுமா என்று நான் இத்தனை நாளும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. சாமான் செய்தால் உழைக்கும், உழைத்தால் தேயும், உடையும். போர்வைக்குள் கிடந்த வரைக்கும் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகையால் அழுதுவடியாதே. பரிசோதகர் வேண்டாம் என்றால் வேண்டாம். அண்ணன் கை பட்டது என்று பாசத்தில் அதை இன்னொரு தடவை சுழற்றிப் பார்த்தாயானால் நானே வந்து கையை உடைப்பேன். சுவர் பேச்சையும் எடுக்காதே. கழற்றி ஓரமாக வை.

உன் எஞ்சின் இப்போது இந்தப் பக்கம் சுற்றப் பழகிவிட்டது. கடையில் வாங்கியது எதிர்ப் பக்கத்துக்கு உள்ளது, அது இனிமேல் உதவாது. புதிதாக ஒன்று வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே அவர் வாங்கிப் போட்ட பலகையில் மீதி இருக்கிறது. நேற்று இழுத்துப் பார்த்தேன். கறையான் இல்லை, வளைவும் இல்லை. அவருடைய உளியையும் இழைப்புளியையும் தகரப் பெட்டியில் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். பழையதை எடுத்துக்கொண்டு வா. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து நீயே செதுக்கு. ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை என்று தெரியும். மாடி அறையைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டு மேசை மேல் வைத்துச் செய்யலாம். மறு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். சீவல் தரையில் சிந்தக் கூடாது.

உன் அண்ணி