கல்யாணப்பட்டுப் பகுதியில் ஸ்டூல்

ஜூலை 4
இன்றும் மாட்டிக்கொண்டேன். ஆளில்லாத நேரம், பெட்டிமேல் சும்மா சாய்ந்ததுதான். கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் மாடியேறி வந்தார். "ரம்லா, நீ வேலைக்கு வந்தியா, விருந்துக்கு வந்தியா?" கோழிக்கோட்டில் இத்தனை துணிக்கடை இருக்கிறது. ஒரு கடையிலாவது விற்கிற பெண் உட்காரக் கூடாதா? கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக.

கடையில் உட்காரும் உரிமை கேட்கிற பெண்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். பயம்தான். இருக்கட்டும்.

ஜூலை 19
தங்கமணி சேச்சியையும் சங்கத்துக்குக் கூப்பிட்டேன். எங்கள் பட்டுப் பகுதியில் மூத்தவள், அவள் வந்தால் மாடி முழுக்க வரும். "ரெண்டு பிள்ளைங்களையும் நின்னேதான்டி வளர்த்தேன். எனக்கு வலிக்கலையே. உனக்கு மட்டும் என்ன ராஜகுமாரிக் காலா?" எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி திட்டியிருந்தால்கூட இப்படிச் சுட்டிருக்காது. பஸ்ஸில் அழுதேன்.

ஆகஸ்ட் 2
சங்கத்தில் சேர்ந்ததற்காக என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், சங்கத்துப் பெண்கள். நல்ல மழை. தெருவே பார்த்தது. பார்க்கட்டும், கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

சேச்சி குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு யோசித்தேன்: நான் சொல்வது சரி என்றால், அவள் இத்தனை வருஷம் நின்றது வீண் என்று ஆகிவிடும். அதை யார் ஒப்புக்கொள்வார்கள்? நான் ஒப்புக்கொள்வேனா?

அக்டோபர் 27
சட்டம் வந்துவிட்டது. உட்காரலாம். என்னையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுக்காமல் என்ன செய்வார்கள்?

நவம்பர் 12
ஸ்டூல்கள் வந்தன. ஒருத்தியும் உட்காரவில்லை. எல்லாரும் சேச்சியைப் பார்த்தார்கள். அவள் தன் ஸ்டூல்மேல் சேலைகளை அடுக்கினாள். உடனே எல்லா ஸ்டூலிலும் சேலை. அடிப்பாவிகளா, இதுக்கா மழையில கிடந்தேன்?

நான் உட்கார்ந்தேன். தனியாக.

நவம்பர் 13
சேச்சி நாள் முழுக்க எனக்கு முதுகைக் காட்டியே நின்றாள்.

நவம்பர் 20
மத்தியானம் கூட்டமில்லை. சேச்சி தன் ஸ்டூலில் இருந்த சேலைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். மெல்ல உட்கார்ந்தாள். "சும்மா, சேலை மடிக்கத்தான்" என்றாள். நானும் என் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது பார்த்து முதலாளி வந்தார். தெருவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவள் நான், என் கால் தானாக எழுந்துவிட்டது. தோளில் ஒரு கை விழுந்து என்னை அழுத்தி உட்கார வைத்தது. "இருடி. இதுக்குத்தானே நனைஞ்சே?" பிறகு, எழுந்திருக்காமலே, "என்ன வேணும் முதலாளி?" என்று சேச்சி கேட்டாள், சேலை வாங்க வந்தவரைக் கேட்பதுபோல. அவர் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாடியில் ஒவ்வொருத்தியாகச் சேலையை எடுத்துவிட்டு உட்கார ஆரம்பித்தார்கள்.

சேச்சி கையை எடுக்கவில்லை. "எனக்கும் வலிச்சுதுடி" என்றாள்.