கண்ணாடி கொண்டு வரல

டீச்சர், புதுக் கண்ணாடி வந்துவிட்டது. கூட்டைத் திறந்தால் உங்கள் கண்ணாடிக் கூட்டில் அடித்த அதே வாசனை. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன், வெயில் வாசலைத் தாண்டிவிட்டது. 'கண்ணாடி'க்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்று உங்கள் வகுப்பில் இருந்த தர்ஷினியிடம் கேட்டேன். அவள் இப்போது ஏழாம் வகுப்பு. "மூணு சுழி தாத்தா, ரெண்டு தடவ" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நான் உங்கள் பள்ளிக்கு வந்தது வேலிக்குக் கிளுவைப் போத்து ஊன்ற. வெள்ளிக்கிழமை மதியங்களில் உங்கள் வகுப்பில் புத்தகம் இருக்காது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வழி தவறினால் யாரைக் கேட்பது, தெரியாத ஆள் கூப்பிட்டால் எப்படி மறுப்பது என்று நடித்துப் பழகுவார்கள். குழி தோண்டிக்கொண்டே கேட்பேன். எல்லாம் சீக்கிரம் வந்தது அவர்களுக்கு, ஒன்றைத் தவிர. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாத பிள்ளையும் தலையாட்டும். அதற்காக மூன்று வரி சொல்லிப் பழக்கினீர்கள்: "எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும். சொல்லித் தாங்க." முனகினால் விடமாட்டீர்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது ஒரே வரிதான் பழக்கம்: "கண்ணாடி கொண்டு வரல." ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி எங்கேயும் அதைச் சொல்லித்தான் தப்பித்தேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. எழுத்து தெரியாது என்று சொல்ல வாய் வராது. ஒருமுறை யாரையும் கேட்காமல் தப்பான பஸ்ஸில் ஏறிப் போய், திரும்பி வருவதற்குள் என் தங்கையை எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. பஸ் வரவில்லை என்று ஊரில் சொன்னேன்.

அன்றைக்கு உங்கள் வகுப்பில் பஸ் பாடம். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தீர்கள். "கண்டக்டருக்குப் பெரிய ஆளா வேணும், வாங்க" என்று என்னைக் கூப்பிட்டு விசிலைக் கொடுத்தீர்கள். மேசையில் இரண்டு அட்டை. "முத்துப்பேட்டை வண்டி கெளம்புது, போர்ட மாட்டுங்க" என்றீர்கள். கைக்கு வந்ததை மாட்டினேன்.

"அய்யய்யோ, இது திருவாரூரு!" என்று பஸ் முழுக்கக் கத்தியது.

"கண்ணாடி கொண்டு வரலப்பா" என்றேன்.

அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த தர்ஷினி எழுந்து போய் உங்கள் கண்ணாடியைக் கூட்டோடு எடுத்து வந்து நீட்டினாள். "இந்தாங்க தாத்தா, டீச்சரோடது." போட்டேன். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கண்ணாடியை நீட்டியதில்லை. உங்களைப் பார்த்தேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காப்பாற்ற வரவில்லை.

"எழுத்து தெரியாதும்மா" என்றேன், மெதுவாக.

"தாத்தா, சத்தமா சொல்லணும். மூணையும் சொல்லணும்" என்றாள் தர்ஷினி.

விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும், "அப்ப டிக்கெட்டு யாரு கிழிக்கிறது?" என்றது. நீங்கள் மற்ற அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். முதல் எழுத்தின் மேல் விரல் வைத்து, "இதுதான் மு" என்றீர்கள். அவ்வளவுதான்.

வேலி முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் வந்தேன். பிள்ளைகள்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களை எப்போதும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டதால் உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதை முதலில் படித்தது பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். மழையில் படம் கிழிந்துபோயிருந்தது. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பள்ளியின் பெயர் வரைக்கும் வந்த பிறகுதான் அது நீங்கள் என்று புரிந்தது. மறுபடி முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். அன்று சரியான பஸ்ஸில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். முகம் பார்த்தேன்.

போன மாதம் திருவாரூரில் கண் முகாம். அங்கே இருந்த பெண், "படிப்பீங்களா தாத்தா, இல்ல படம் போட்ட அட்டைய வைக்கவா?" என்று கேட்டாள். "எழுத்தே வைம்மா" என்றேன். முதல் வரி சொன்னேன். இரண்டாவதும் மூன்றாவதும் சொன்னேன். நாலாவது வரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"தெரியல" என்றேன்.

"காதுல விழல, சத்தமா சொல்லுங்க தாத்தா."

"தெரியலம்மா!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எழுபது வருடம் பயந்த சொல். இந்தத் தடவை அது வெறும் கண்ணைப் பற்றியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பழக்கியதில் மிச்சம் இரண்டு வரியையும் சொல்லியிருப்பேன், டீச்சர். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.